சும்மா இருக்க முடியாத கைகள்

2023 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர நடுவிலுள்ள ஆல்பர்ட் பூங்காவில் ஒரே நாளில் 280 மில்லிமீட்டர் மழை பதிவானது. மவுண்ட் ராஸ்கில், சாண்ட்ரிங்ஹாம், மவுண்ட் ஆல்பர்ட் என்று நம் தமிழர்கள் குடியிருக்கும் பகுதிகளிலும் தெருக்கள் ஓடைகளாயின. நான்கு பேர் உயிரிழந்தார்கள். அன்றிரவு நகரத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. விடிந்ததும் ஊர் மொத்தமும் உதவிக்கு இறங்கியது. தேவாலயங்களும் மவோரி மக்களின் மராயே மண்டபங்களும் கதவைத் திறந்து வைத்தன. முன்பின் தெரியாதவர்கள் பக்கத்து வீட்டுச் சேற்றை வாரிக் கொட்டினார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஒரே தெருவில் இரண்டு சமையலறைகளில் உலை கொதித்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டு வீட்டிலும் சாம்பார் சாதம் கிளறிப் பொட்டலம் கட்டி நிவாரண முகாமில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். முதல் வீட்டுப் பெண் திரும்பி வந்து பாத்திரம் கழுவிவிட்டுப் படுத்துத் தூங்குகிறார். இரண்டாம் வீட்டுப் பெண்ணிடம் முகாமில், “அக்கா, சாப்பாடு நிறைய வந்துவிட்டது, போதும்” என்கிறார்கள். அதைக் கேட்டு அவருக்கு நிம்மதி வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது. வேறு முகாம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, “என்ன வேண்டும், சொல்லுங்கள்” என்று கேட்கிறார். ஒன்றும் வேண்டாம் என்றவர் வீட்டுக்கும் போய் நிற்கிறார். இரவு இரண்டு மணிக்கும் போன் கையிலேயே இருக்கிறது.

கொடுத்த பொட்டலத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. வாங்கிச் சாப்பிட்டவருக்கும் பசி ஒன்றுபோலத்தான் ஆறியது. அப்படியானால் இரண்டு பேருக்கும் உள்ளே நடந்தது என்ன? இருவருமே நல்ல மனசுக்காரர்கள் என்று சொல்லி முடித்துவிட்டால் இரண்டாவது பெண்ணின் தவிப்பை நாம் கவனிக்காமல் விட்டதாகிவிடும். உளவியல் அந்தத் தவிப்பை அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வந்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் அதைப் பதற்ற உதவி என்று அழைக்கிறேன். இது மருத்துவர்கள் எழுதித் தரும் நோயின் பெயர் இல்லை. மனம் தன் பயத்தைத் தணித்துக்கொள்ளக் கற்றுக்கொண்ட ஒரு வழி.

எலிகளிடமிருந்து தொடங்கலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இன்பால் பென்-அமி பார்ட்டல், ஜீன் டெசெட்டி, பெக்கி மேசன் ஆகிய மூவரும் 2011இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வெளியிலிருந்து மட்டுமே திறக்கக்கூடிய ஒரு குழாய்க்குள் ஓர் எலியை அடைத்தார்கள். அதோடு ஒரே கூண்டில் வாழ்ந்த இன்னொரு எலியை வெளியே விட்டார்கள். யாரும் சொல்லித்தராமலேயே, சில நாட்களில் வெளியே இருந்த எலி கதவைத் திறந்து கூட்டாளியை விடுவிக்கக் கற்றுக்கொண்டது.

2016இல் அதே குழுவினர் இன்னொரு கேள்வி கேட்டார்கள். எலிக்குப் பதற்றமே வராதபடி செய்துவிட்டால் என்ன ஆகும்? மிடாசோலம் என்ற பதற்றத் தணிப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து ஏறிய எலிகள் கூட்டாளியை விடுவிப்பது வெகுவாகக் குறைந்தது. மயக்கத்தில் கதவைத் திறக்கத் தெம்பில்லையோ என்று சந்தேகிக்க இடமில்லை, ஏனென்றால் குழாய்க்குள் சாக்லேட்டை வைத்தபோது அதே எலிகள் திறந்து எடுத்துக்கொண்டன. தெம்பு இருந்தது. அடைபட்டவன் தவிப்பு தன்னைத் தைக்கவில்லை, அதனால் கை நீளவில்லை. இதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கூட்டாளி அடைபட்டதைக் கண்டு மன அழுத்த இயக்குநீர் மிக அதிகமாகச் சுரந்த எலிகள் மிகக் குறைவாகவே உதவின.

ஆக, உதவியின் வேரிலேயே கொஞ்சம் பதற்றம் இருக்கிறது. அடுத்தவர் துன்பம் நம்மைச் சற்றேனும் உலுக்காவிட்டால் நாம் எழுந்து போகமாட்டோம். உலுக்கல் அளவு மீறினால் அடுத்தவரை விட்டுவிட்டு நம்மையே காப்பாற்றிக்கொள்ளும் வேலையில் இறங்கிவிடுவோம்.

மனிதர்களிடம் அடுத்தவர்மேல் உள்ள அக்கறையையும் தன் அவஸ்தையையும் பிரித்துக் காட்டியவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் பேட்சன். 1981இல் அவர் குழு நடத்திய சோதனையை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதன் நுட்பம் வியக்க வைக்கிறது. 44 மாணவிகள். ஒவ்வொருவரும் தனித்தனியாக, எலைன் என்ற பெண் மின்னதிர்ச்சி வாங்கித் துடிப்பதைத் திரையில் பார்க்கிறார். உண்மையில் அது முன்கூட்டியே எடுத்த நடிப்பு, மாணவிகளுக்கு அது தெரியாது. இரண்டு சுற்றுகளுக்குப் பிறகு ஆய்வாளர் கேட்கிறார்: எலைனுக்குப் பதிலாக மீதி அதிர்ச்சிகளை நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்களா?

பாதிப் பேருக்கு எளிய வெளிவழி இருந்தது. விருப்பமில்லை என்றால் இப்போதே எழுந்து போகலாம், மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. மற்ற பாதிப் பேர் மறுத்தாலும் கடைசிவரை உட்கார்ந்து அவள் துடிப்பதைப் பார்த்தாக வேண்டும். இதோடு, எலைன் தன்னைப்போன்றவள் என்று சில மாணவிகளும், தனக்குச் சம்பந்தமே இல்லாதவள் என்று மற்றவர்களும் நினைக்கும்படி முன்னேற்பாடு செய்திருந்தார்கள்.

தன்னைப்போன்றவள் என்று நினைத்தவர்களுக்கு வாசல் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான். முறையே 91 சதவீதத்தினரும் 82 சதவீதத்தினரும் அதிர்ச்சியைத் தாங்கள் வாங்கிக்கொள்ள முன்வந்தார்கள். அன்னியமாக நினைத்தவர்களிடம்தான் கதை மாறியது. போக வழி இருந்தபோது 18 சதவீதம் பேரே உதவினார்கள். வழி அடைபட்டபோது 64 சதவீதம் பேர் உதவினார்கள். எலைன்மேல் இவர்களுக்குத் திடீரென்று அன்பு பெருகிவிடவில்லை. அவள் துடிப்பதைப் பார்க்கும் தங்கள் அவஸ்தை நிற்க வேண்டும், அதற்கு மிச்சமிருந்த ஒரே வழி உதவுவது.

இதைப் படிக்கும் ஒருவர், “பதற்றத்தில் உதவுகிறவர்கள் ஓடிப்போவதில்லையே, விழுந்து விழுந்து செய்கிறார்களே” என்று கேட்கலாம். சரியான கேள்வி. சோதனைக்கூடத்தில் எழுந்து போக ஒரு வாசல் இருந்தது. வாழ்க்கையில், அதுவும் சொந்தபந்தத்தில், அந்த வாசல் அநேகமாக மூடியேதான் இருக்கிறது. அம்மாவின் மூட்டுவலியை விட்டு எங்கே எழுந்து போவது? தம்பியின் கடனைப் பார்க்காமல் எந்தப் பக்கம் திரும்பிக்கொள்வது? அவஸ்தையை நிறுத்த உதவுவது ஒன்றே வழி என்ற நிலையில், அன்பும் பதற்றமும் வெளியே ஒரே முகத்தோடு தெரிகின்றன. செய்கிறவருக்கே வித்தியாசம் தெரிவதில்லை.

வித்தியாசத்தைக் காட்ட ஒரு குழந்தை ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. ராபர்ட் ஹெபாக், அம்ரிஷா வைஷ், மைக்கேல் டொமாசெல்லோ ஆகியோர் 2012இல் வெளியிட்டது. இரண்டு வயதுக் குழந்தைகளின் கண்மணியை அளந்தார்கள். மனம் கிளர்ச்சி அடையும்போது கண்மணி விரியும், இதை நடிக்க முடியாது. ஒருவர் கைக்கு எட்டாத பொருளுக்காகத் தவிப்பதைப் பார்த்ததும் குழந்தைகளின் கண்மணி விரிந்தது. பிறகு சில குழந்தைகளைத் தாங்களே எடுத்துக்கொடுக்க விட்டார்கள். சிலர் முன்னால் வேறொரு பெரியவர் எடுத்துக்கொடுத்தார். சிலர் முன்னால் யாருமே உதவவில்லை. முதல் இரண்டு நிலைகளிலும் கண்மணி சுருங்கியது, அதுவும் ஒரே அளவுக்கு. யாரும் உதவாதபோது மட்டும் விரிந்தே இருந்தது.

அந்தக் குழந்தைகளின் மனசுக்கு வேண்டியிருந்தது தவிக்கிறவரின் தவிப்பு தீர்வது. தீர்த்து வைத்தது யார் என்பது பொருட்டாக இல்லை. பதற்ற உதவியில் இதோடு இன்னொரு நிபந்தனை ஒட்டிக்கொள்கிறது: நான்தான் செய்ய வேண்டும். “போதும், சாப்பாடு வந்துவிட்டது” என்ற சொல் ஒருவரை நிம்மதியாக்கி இன்னொருவரைப் பதற வைத்தது இதனால்தான். தன் உதவி எந்த வகை என்று பார்த்துக்கொள்ள விரும்புகிறவருக்கு இதைவிடத் தெளிவான உரைகல்லை நான் அறியேன். வேறொருவர் போய்ச் செய்துவிட்டால் உங்களுக்குள் என்ன நடக்கிறது?

சரி, பதற்றத்தில் உதவினாலும் பதற்றம் தணிகிறதே, அதில் என்ன கெடுதல்? அடுப்பில் பால் பொங்கி வருகிறது. ஒரு கை தண்ணீர் தெளித்தால் உடனே அடங்குகிறது. அடுப்பு எரிந்துகொண்டே இருப்பதால் சற்று நேரத்தில் மறுபடி பொங்குகிறது, மறுபடி தெளிக்கிறோம். தெளித்ததும் அடங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டதால், தெளிப்பதுதான் வழி என்று கை பழகிவிடுகிறது. அடுப்பைத் தணிக்க வேண்டும் என்ற நினைப்பே வருவதில்லை.

இப்படிப் பழகுவதற்கு உளவியலில் எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். தண்டனை என்று பொருள் கொள்ளக்கூடாது. ஒரு செயலைச் செய்ததும் ஒரு தொல்லை நீங்கினால் அந்தச் செயல் நம்மில் ஊன்றிப்போகும் என்பதே இதன் பொருள். எவ்வளவு ஆழமாக ஊன்றும் என்பதை 1953இல் ரிச்சர்ட் சாலமனும் லைமன் வின்னும் காட்டினார்கள். விளக்கு அணைந்து பத்து விநாடியில் மின்னதிர்ச்சி வரும், தடுப்பைத் தாண்டிக் குதித்தால் தப்பலாம் என்று நாய்களைப் பழக்கினார்கள். பிறகு மின்சாரத்தையே நிறுத்திவிட்டார்கள். நாய்களோ நூற்றுக்கணக்கான முறை குதித்துக்கொண்டே இருந்தன. கொடுமையான சோதனை, இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. ஆனால் அது சொன்ன செய்தி மனித மனத்துக்கு அப்படியே பொருந்துகிறது. ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே குதித்துவிடுவதால், குதிக்காமல் நின்றாலும் ஒன்றும் ஆகாது என்று அந்த நாய்க்குத் தெரியவே வாய்ப்பில்லை.

“நான் போன் போட்டு ஞாபகப்படுத்தியதால்தான் அப்பா மாத்திரை போட்டார்.” ஒருவேளை உண்மையாக இருக்கலாம். போன் போடாத நாள் ஒன்றுகூட இல்லாதபோது, போடாவிட்டால் அவரே போட்டிருப்பாரா என்று எப்படித் தெரியும்? பிரிட்டிஷ் உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸ் 1991இல் இத்தகைய செயல்களைப் பாதுகாப்புச் செயல்கள் என்று விளக்கினார். பயந்தது நடக்காமல் போனதற்கான பெருமை முழுவதையும் அந்தச் செயலே எடுத்துக்கொள்கிறது. பயம் பொய் என்று நிரூபணமாவதில்லை.

இந்தக் கதை ஆக்லாந்தில் இன்னும் கூர்மையாகிறது. கோடையில் இங்கே அதிகாலை மூன்று மணி என்றால் சென்னையில் முந்தின நாள் மாலை ஏழரை. ஊரில் அப்பா மாலையில் மயங்கி விழுந்தால் செய்தி இங்கே நடுநிசியில்தான் வரும். நேரடி விமானம் கிடையாது, சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மாறி வீடு சேர்வதற்குள் ஏறக்குறைய ஒரு முழு நாள் போய்விடும். 2021 ஏப்ரலில் இந்தியாவில் கொரோனாவின் இரண்டாம் அலை ஏறியபோது நியூசிலாந்து ஏப்ரல் 11 முதல் 28 வரை இந்தியாவிலிருந்து வருவோருக்குக் கதவை அடைத்தது. தன் குடிமக்களுக்கும் சேர்த்துத்தான். அதற்குப் பிறகும் தனிமைப்படுத்தும் விடுதியில் இடம் கிடைத்தால்தான் திரும்ப முடிந்தது. போனால் வர முடியாது என்ற நிலையில், இங்கிருந்தவர்களால் செய்ய முடிந்ததெல்லாம் போனில் உதவுவதுதான். எந்த மருத்துவமனையில் படுக்கை இருக்கிறது, ஆக்சிஜன் யாரிடம் கிடைக்கும் என்று இரவெல்லாம் வாட்ஸாப்பில் விசாரித்தார்கள். அந்த உதவியால் உயிர்கள் பிழைத்தன. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவசரம் முடிந்த பிறகும் உடம்பு அந்தப் பழக்கத்தை விடவில்லை என்றால் அது கவனிக்க வேண்டிய விஷயம். பக்கத்தில் இருந்தால் அப்பாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வோம், காபி குடித்தபடி பேப்பர் படிக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார் என்று. தொலைவில் அந்தச் சான்று கிடைப்பதில்லை. தொலைவில் இருப்பவருக்குத் தன் பதற்றம் தணிய ஒரே வழி எதையாவது செய்வது: பணம் அனுப்புவது, ஆன்லைனில் மருந்து வாங்கிக் கொடுப்பது, பக்கத்து வீட்டு மாமாவை எட்டிப்பார்க்கச் சொல்வது. இலங்கையிலிருந்து போர்க்காலத்தில் இங்கே வந்து சேர்ந்த குடும்பங்களில் இந்தப் பழக்கத்துக்கு இன்னும் நீண்ட வரலாறு உண்டு. விட்டுவந்தவர்களுக்காகக் கவலைப்படுவதே அங்கே பல ஆண்டுகள் அன்றாட வாழ்க்கையாக இருந்தது.

சிலருக்கு விதை இன்னும் முன்பே விழுந்திருக்கும். பிரிட்டனின் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1977இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஓயாமல் பிறரைப் பராமரித்தே உறவு கொள்ளத் தெரிந்தவர்களைப் பற்றிப் பேசினார். நோயோ மனச்சோர்வோ பீடித்த தாயைச் சிறுவயதிலேயே கவனித்துக்கொள்ள நேர்ந்த பிள்ளைகள் பலர் இப்படி ஆகிறார்கள் என்றார். அம்மா முகம் வாடினால் வீடே இருண்டுவிடும், நான் ஓடியாடி வேலை செய்தால் அம்மா சிரிப்பாள். இதைக் கற்றுக்கொண்ட குழந்தைக்கு அன்பு என்பது வேலை செய்து சம்பாதிக்க வேண்டிய ஒன்று. நம் வீடுகளில் மூத்த பெண்ணாகப் பிறந்த பலருக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. குடும்பத்துக்கு உழைப்பதையே மேற்கத்திய உளவியல் நோயாக்குகிறது என்று சிலர் கோபப்படுவார்கள். அப்படி ஆக்கினால் கோபம் நியாயம்தான். ஆனால் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஈவா டெல்சரும் ஆண்ட்ரூ ஃபுலிக்னியும் அமெரிக்காவில் லத்தீன், ஆசிய, ஐரோப்பியப் பின்னணி கொண்ட பதின்பருவத்தினரை நாள்தோறும் குறிப்பெழுதச் சொல்லி 2009இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக்கு உதவிய நாட்களில் அவர்கள் மகிழ்ச்சியாகவே இருந்தார்கள். நல்ல மகளாக, நல்ல மகனாக இருக்கிறோம் என்ற நிறைவு அதற்கு ஒரு காரணம். விக்கி ஹெல்கெசனும் ஹைடி ஃபிரிட்ஸும் அக்கறையையும், தன்னை அடியோடு மறந்த அக்கறையையும் தனித்தனியே அளந்தபோது, மன உளைச்சலோடு சேர்ந்து வந்தது இரண்டாவது மட்டும்தான். உதவியின் அளவு பிரச்சினை இல்லை. ஒருவர் நாளெல்லாம் செய்தும் பூரணமாக இருக்கலாம், இன்னொருவர் ஒரு போன் போட்டே நொறுங்கலாம்.

வாங்குகிறவர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும், அதற்கு ஆக்லாந்திலேயே சான்று இருக்கிறது. ஆனால் கதை நியூயார்க்கில் தொடங்குகிறது. நியூயார்க் சட்ட மாணவர்கள் தேர்வுக்குத் தயாராகும் நாட்களை நியால் போல்ஜரும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2000இல் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். துணைவர் தந்த ஆதரவை மாணவர் கவனித்த நாட்களில் அவரது சோர்வு குறையவில்லை, கூடியது. துணைவர் ஆதரவு தந்தும் மாணவர் கவனிக்காத நாட்களில்தான் தெம்பு வந்தது. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் யூதிகா கிர்மே, நிக்கோலா ஓவரால் ஆகியோர் இதை மேலும் துருவினார்கள். காதலர்கள், தம்பதியர் தங்கள் சொந்த இலக்குகளைப் பற்றிப் பேசுவதை வீடியோ எடுத்து, ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 2013இல் வந்த முடிவு: மனம் நொந்திருப்பவருக்கு வெளிப்படையான ஆறுதல் அந்த நேரத்தில் கைகொடுக்கிறது. நொந்திருக்காதவருக்கு அதே ஆறுதல் உதவவில்லை. ஓராண்டு கழித்து இலக்கை எட்ட உதவியதோ, உதவி என்றே தெரியாதபடி பேச்சோடு பேச்சாகத் தந்த ஆதரவு.

பதற்ற உதவிக்கு இந்த நிதானம் வாய்ப்பது கடினம் என்று நினைக்கிறேன். செய்தோம் என்று தனக்கே தெரிந்தால்தான் அதற்கு ஆறும், அதனால் அது கண்ணில் படும்படி, உடனே, பெரிதாக வருகிறது. பிள்ளைகளிடத்தில் இதன் விலை அதிகம். பள்ளியில் பேசப் பயப்படும் பிள்ளைக்காகத் தானே ஆசிரியரிடம் பேசிவிடும் அம்மா, இருட்டுக்குப் பயப்படும் பிள்ளையோடு பத்து வயதிலும் படுத்துக்கொள்ளும் அப்பா, இருவரும் பிள்ளையின் பயத்துக்கு இடம் கொடுத்து அதை வளர்க்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஈலி லெபோவிட்ஸ், பதற்ற நோயுள்ள 124 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு நேரடிச் சிகிச்சை தந்தார். மற்றவர்களின் பெற்றோரை மட்டும் அழைத்து, இப்படி விட்டுக்கொடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கக் கற்றுக்கொடுத்தார். இரண்டாம் குழுப் பிள்ளைகள் மருத்துவரிடம் சிகிச்சைக்கே போகவில்லை. 2020இல் வெளியான முடிவில், அவர்களும் முதல் குழுவுக்குக் குறையாமல் தேறியிருந்தார்கள்.

அடுப்பைத் தணிப்பது எப்படி? உதவியை நிறுத்துவதால் அல்ல. பதற்றத்துக்கும் செயலுக்கும் நடுவே கொஞ்சம் நேரத்தை வைப்பதால். மறுமுனையில் உயிராபத்து இல்லை என்று தெரிந்தால், போனை எடுக்கத் துடிக்கும் கையை ஒரு பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். நெஞ்சு படபடப்பதைப் படபடப்பு என்றே கவனியுங்கள். அது ஏறும், உச்சிக்குப் போகும், ஒன்றும் செய்யாவிட்டாலும் தானே இறங்கும். இறங்குவதை உடம்பு ஒருமுறை கண்டுகொண்டால் அடுத்த முறை அவ்வளவு மிரளாது. குதிக்காமல் நின்று பார்ப்பது இதுதான். பிறகு போன் போடுங்கள், போட்டதும், “என்ன செய்யட்டும்?” என்று கேட்டு, வரும் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். “ஒன்றும் வேண்டாம்மா, சும்மா பேசு” என்பதும் ஒரு பதில்தான்.

தூக்கம் கெடுகிறது, சேமிப்பு கரைகிறது, மறுக்க நினைத்தாலே வியர்க்கிறது, கொடுத்த பிறகு வாங்கியவர்மேலேயே கசப்பு வருகிறது என்றால், தனியாகப் போராட வேண்டாம். பதற்றத்துக்கு நன்கு சோதிக்கப்பட்ட பேச்சுச் சிகிச்சைகள் உண்டு. நியூசிலாந்தில் 1737 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், பயிற்சி பெற்ற ஆலோசகர் பதில் சொல்வார். இந்தியாவில் டெலி மானஸ் சேவையின் எண் 14416, அதில் தமிழிலேயே பேசலாம். எல்லோருக்கும் உதவி எண் தேடிக் கொடுப்பவர்கள் தங்களுக்கென்று ஒன்றை அழைப்பது அரிது. இந்த இரண்டில் ஒன்றை முதலில் உங்களுக்காகவே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.